ஹீலியம் விளக்கில் கால் எலக்ட்ரான் வோல்ட்டை அளப்பது எப்படி

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்த யாருக்கும், நெருக்கமான கோடுகள் போட்ட தட்டால் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கிரேட்டிங் சோதனை மறந்திருக்காது. இருட்டறை, பாதரச விளக்கு, வெர்னியரைப் பார்த்துப் பார்த்துச் சிவந்துபோன கண்கள். அதே ஸ்பெக்ட்ரோமீட்டரில், அதே கிரேட்டிங்கை வைத்துக்கொண்டு, விளக்கை மட்டும் மாற்றினால் போதும். பல துகள் குவாண்டம் இயக்கவியலுக்கான நேரடிச் சான்று ஒன்றை உங்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடலாம். ஒரு மதியப் பொழுது ஆகும். இருபத்திரண்டு வருடங்களாக ஒரு கல்லூரி லேப்பில் இதைச் செய்துகாட்டி வருகிறேன். எப்படிச் செய்வது, எங்கே தவறும், வருகிற எண் என்ன சொல்கிறது என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் ஹீலியம்? குவாண்டம் இயக்கவியல் சரி என்பதற்கு ஹைட்ரஜன் நிறமாலையைத்தான் எல்லோரும் காட்டுவோம். ஆனால் ஹைட்ரஜனில் இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரான். அதன் அலைச்சார்பை, அதாவது எலக்ட்ரான் எங்கே இருக்கக்கூடும் என்று சொல்லும் கணிதச் சார்பை, நம் அறையில் பரவிய ஒரு அலைபோலக் கற்பனை செய்துவிடலாம். இடத்தைக் குறிக்கும் மூன்று ஆயங்கள் (எண்கள்) போதும். இரண்டு எலக்ட்ரான்கள் வந்ததும் அந்தக் கற்பனை நின்றுபோகிறது. அப்போது 'முதல் எலக்ட்ரானின் அலை', 'இரண்டாவது எலக்ட்ரானின் அலை' என்று தனித்தனியாக எதுவும் கிடையாது. இரண்டுக்கும் சேர்த்து ஆறு ஆயங்களில் ஒரே அலைச்சார்பு என்கிறது கொள்கை. இது மிகப் பெரிய கூற்று. ஹைட்ரஜனை எத்தனை தசமத்துக்கு அளந்தாலும் இதைச் சோதிக்க முடியாது. ஹீலியத்தில் முடியும். அதன் மஞ்சள், சிவப்புக் கோடுகளின் ஆற்றலில் உள்ள கால் எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசம்தான் நாம் தேடும் சான்று. எலக்ட்ரான் வோல்ட் என்பது அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு.

பல துகள் என்றதும் மீகடத்தி, மீப்பாய்மம் எல்லாம் நினைவுக்கு வரும். அவற்றுக்குத் திரவ நைட்ரஜனோ திரவ ஹீலியமோ வேண்டும். நமக்கு வேண்டியது ஒரு கண்ணாடிக் குழாய்தான்.

தேவையானவை: ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர், ஒரு அங்குலத்துக்கு 15000 கோடுகள் உள்ள கிரேட்டிங், பாதரச விளக்கு, ஹீலியம் ஸ்பெக்ட்ரம் குழாய், அதற்கான உயரழுத்த மின்வழங்கி. கடைசியில் சொன்னதில்தான் கவனம் வேண்டும். அது 5000 வோல்ட் அளவுக்குத் தரும். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் குழாயைத் தொட வேண்டும். பிடிக்கும்போது இரு முனைகளையும் பிடியுங்கள். நடுவில் உள்ள ஒல்லியான பகுதியில் கை படவே கூடாது, சூடாகவும் இருக்கும், எளிதில் உடையவும் செய்யும். அரை நிமிடம் எரியவிட்டு அரை நிமிடம் அணைத்துவைத்தால் குழாய் பல வருடம் வரும்.

ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரிசெய்வதை முழுக்கப் பாதரச விளக்கிலேயே முடித்துவிடுங்கள். ஹீலியம் வெளிச்சம் மங்கல். அதை வைத்துக்கொண்டு கிரேட்டிங்கை நேர் செய்ய முயன்றால் கண்தான் வலிக்கும். டெலஸ்கோப்பை ஜன்னல் வழியே தூரத்தில் தெரியும் மரத்துக்குக் குவியப்படுத்துங்கள். பிறகு விளக்கொளியை இணைகதிராக்கும் கொலிமேட்டர் குழாய் பக்கம் திருப்பி, ஒளி நுழையும் ஒடுங்கிய பிளவான ஸ்லிட் கூர்மையாகத் தெரியும்வரை கொலிமேட்டரை மட்டும் சரிசெய்யுங்கள். ஸ்லிட் எவ்வளவு ஒடுங்க முடியுமோ அவ்வளவு ஒடுங்கட்டும். நடுமேசையை ஸ்பிரிட் லெவல் வைத்துச் சமமாக்குங்கள்.

அடுத்து, ஒளி கிரேட்டிங்கில் செங்குத்தாக விழ வேண்டும். நேர்க்கதிரின் அளவீட்டைக் குறித்துக்கொண்டு, டெலஸ்கோப்பை அங்கிருந்து சரியாக 90° திருப்பி இறுக்குங்கள். கிரேட்டிங்கை மேசையில் பொருத்தி, அதில் பட்டு எதிரொளித்த ஸ்லிட்டின் பிம்பம் குறுக்குக் கம்பியில் விழும்வரை மேசையைத் திருப்புங்கள். இப்போது கிரேட்டிங் ஒளிக்கு 45° சாய்வில் நிற்கிறது. மேசையை இன்னும் 45° சரியான திசையில் திருப்பினால் கிரேட்டிங் கொலிமேட்டருக்கு நேராக வந்துவிடும். மேசையை இறுக்கிவிட்டு, அப்புறம் அதைத் தொடவே வேண்டாம்.

கிரேட்டிங்கை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். என் முதல் வருடத்தில் ஒரு மாணவி அதன் முகத்தில் தூசி இருக்கிறது என்று சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். அதன் பிறகு அந்தக் கிரேட்டிங்கில் கோடுகள் எல்லாம் புகைமூட்டமாகத்தான் தெரிந்தன. அவள் மீது தவறு இல்லை, நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

பாதரசத்தின் பச்சைக் கோட்டை அளந்து கிரேட்டிங்கைச் சோதித்துக்கொள்ளுங்கள். அதன் அலைநீளம் 546.1 நானோமீட்டர். 15000 கோடு கிரேட்டிங்கில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு இடையே 1693.3 நானோமீட்டர் இருக்கும். அந்தத் தூரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் முதல் வரிசைக்கான அலைநீளம். பச்சை 18°49'-இல் வர வேண்டும். ஒன்றிரண்டு நிமிடக் கோணம் முன்னே பின்னே இருந்தால், உங்கள் கிரேட்டிங்குக்குக் கிடைத்த தூரத்தையே கணக்கில் பயன்படுத்துங்கள். பத்து நிமிடம் தள்ளியிருந்தால் செங்குத்து அமைப்பு சரியில்லை, திரும்பச் செய்யுங்கள்.

இப்போது பாதரசத்தை நகர்த்திவிட்டு ஹீலியம் குழாயைக் கொண்டுவாருங்கள். ஒல்லியான பகுதி ஸ்லிட்டுக்கு இணையாக, அதிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தூரத்தில் நிற்க வேண்டும். சரியாக நிற்கிறதா என்று பார்க்க எங்கள் லேப் அண்ணாச்சி ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். கிரேட்டிங்குக்குப் பின்னால் கண்ணை வைத்து, டெலஸ்கோப் இல்லாமல் நேராகக் கொலிமேட்டருக்குள் பாருங்கள். லென்ஸ் முழுவதும் ஒளி நிரம்பித் தெரிந்தால் சரி. பாதி மட்டும் தெரிந்தால் குழாயை ஒரு மில்லிமீட்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்துங்கள். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் மங்கலான கோடுகளும் தெரிய ஆரம்பிக்கும்.

அறையை இருட்டாக்கிப் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிவிட்டு டெலஸ்கோப்பை மெதுவாக இடப்பக்கம் கொண்டுபோங்கள். முதலில் ஊதா, நீலம். 15°19' அருகே 447.1 நானோமீட்டர் நீலம் பளிச்சென்று வரும். 16°54'-இல் நீலப்பச்சை, 492.2. அதைத் தாண்டியதும் 17°14'-இல் பச்சை, 501.6. அப்புறம் நீண்ட இருட்டு. அந்த இருட்டு முடிகிற இடத்தில், 20°18'-இல், மஞ்சள் ஒன்று எரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் கை ஒரு நொடி நின்றுவிடும்.

காரணம் இருக்கிறது. இது சோடியத்தின் மஞ்சள் அல்ல. சோடிய விளக்கை வைத்துப் பார்த்தால் அது 20°22'-இல் இருக்கும், நாலே நாலு நிமிடக் கோணம் தள்ளி. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைப் பார்க்க, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு பிரான்ஸிலிருந்து ஜான்சன் வந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்ஸன் மசூலிப்பட்டினத்தில் இருந்து அதே கிரகணத்தைப் பார்த்தார். அந்த ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர் சூரிய விளிம்பின் ஒளியை ஆராய்ந்து, அதில் உள்ள மஞ்சள் சோடியத்துடையது இல்லை என்று கண்டார். சூரியனின் கிரேக்கப் பெயரான ஹீலியோஸிலிருந்து ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் அந்த வாயுவை ராம்சே 1895-இல்தான் பிடித்தார். அந்த நாலு நிமிட வித்தியாசத்தில் ஒரு தனிமமே ஒளிந்திருந்தது.

மஞ்சளைத் தாண்டி 23°14'-இல் சிவப்பு, 667.8. அதற்கும் அப்பால் 24°40'-இல் அடர்சிவப்பு ஒன்று, 706.5, கண் பழகியவர்களுக்குத் தெரியும். நமக்கு வேண்டியது மஞ்சளும் சிவப்பும். இரண்டையும் இடப்பக்கமும் வலப்பக்கமும் இரண்டு வெர்னியரிலும் படியுங்கள். இரண்டு பக்க அளவீட்டின் வித்தியாசத்தில் பாதிதான் கோணம்.

போன வருடம் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரின் நோட்டில் இருந்தது இது: மஞ்சளுக்கு 40°36', அதில் பாதி 20°18', சிவப்புக்கு 46°28', பாதி 23°14'. அலைநீளங்கள் 587.5, 668.0 நானோமீட்டர். 1239.8-ஐ அலைநீளத்தால் வகுத்தால் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 2.110, 1.856. வித்தியாசம் 0.254 எலக்ட்ரான் வோல்ட். ஒரு நிமிடக் கோணம் தவறினால் அலைநீளத்தில் அரை நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் பிழை வரும். ஆகவே கால் எலக்ட்ரான் வோல்ட் என்கிற இந்த எண் உறுதியானது.

"மேடம், ரெண்டு கோட்டுக்கு நடுவுல வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்? இதுல என்ன இருக்கு?" என்று அவர் கேட்டார். சரியான கேள்வி. இந்தச் சோதனையின் உயிரே அதற்கான பதிலில்தான் இருக்கிறது.

மஞ்சளும் சிவப்பும் ஒரே தாவலின், அதாவது எலக்ட்ரான் ஒரு ஆற்றல் மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இறங்குவதன், இரண்டு கோடுகள். இரண்டிலும் ஒரு எலக்ட்ரான் 1எஸ் என்னும் அடிமட்டத்தில் இருக்கிறது, மற்றது 3டி மட்டத்திலிருந்து 2பி-க்கு இறங்குகிறது. ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் தனி அலையோடு, மற்றதன் சராசரி மின்மேகத்தை மட்டும் உணர்ந்துகொண்டு இருந்தால் இந்தத் தாவலுக்கு ஒரே ஆற்றல்தான். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால் மட்டம் மேலே போகும், சரி. ஆனால் இரண்டாகப் பிளக்காது. நாம் பார்ப்பதோ இரண்டு கோடுகள், மூன்று டிகிரி இடைவெளியில்.

கொள்கை சொல்வது இது. 1எஸ்-ஐ 'அ' என்போம், 2பி-ஐ 'ஆ' என்போம். முதல் எலக்ட்ரான் அ-வில், இரண்டாவது ஆ-வில் என்பது ஒரு ஏற்பாடு. முதலாவது ஆ-வில், இரண்டாவது அ-வில் என்பது இன்னொன்று. எலக்ட்ரான்களின் உண்மையான நிலை இந்த இரண்டு ஏற்பாடுகளின் கூட்டல், அல்லது கழித்தல். கழித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே இடத்தில் இருப்பதாக வைத்தால் இரண்டு உறுப்புகளும் சமமாகி, கழித்ததும் பூஜ்யம். அதாவது அவை ஒரே இடத்துக்கு வரவே வராது. விலகி விலகி இருப்பதால், எளிய முதற்கட்டக் கணக்கில், விலக்கு ஆற்றல் குறைவு, மட்டம் கீழே. கூட்டலில் நெருங்கி வருவது அதிகம், மட்டம் மேலே. 2பி மட்டம் இப்படி இரண்டாகிறது. இடைவெளி 0.254 எலக்ட்ரான் வோல்ட்.

இந்தக் கூட்டலையும் கழித்தலையும் ஒற்றை எலக்ட்ரானின் மூன்று ஆயங்களுக்குள் எழுதவே முடியாது. இரண்டின் இடங்களையும் சேர்த்துச் சொல்லும் ஆறு ஆயங்களில்தான் அவற்றுக்குப் பொருள். 1926-இல் ஹைசன்பர்க் இதைத்தான் எழுதினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அவரும் போர்னும் பழைய சுற்றுப்பாதைகளை வைத்துக்கொண்டு கிளர்ந்த ஹீலியத்தின் மட்டங்களைக் கணக்கிட்டுப் பார்த்து, சோதனையோடு ஒத்துவராமல் விட்டிருந்தார்கள்.

காந்த விசையால் இருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எலக்ட்ரானின் ஸ்பின், அதாவது அதன் உள்ளார்ந்த சுழற்சிப் பண்பு, ஒரு சிறு காந்தம்தானே. அந்த விளைவும் இருக்கிறது. ஆனால் அதன் அளவு ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நாம் அளந்தது அதைப்போல ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு. இவ்வளவு பெரிய பிளவைத் தரும் வலு மின்விலக்குக்குத்தான் உண்டு.

ஒரு விஷயத்தை நேர்மையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். பிளவு இருக்கிறது என்பது கூட்டு அலைச்சார்புக்குச் சான்று. இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே குவாண்டம் நிலையில் இருக்க முடியாது என்னும் பாலியின் விதிக்குச் சான்று அது மட்டுமே ஆகாது. பாலி விதிப்படி, இடத்தைப் பொறுத்த கழித்தல் நிலைக்கு ஸ்பின்கள் ஒரே பக்கம் இருக்க வேண்டும். அதைத்தான் டிரிப்ளெட் என்கிறோம். கூட்டல் நிலை சிங்கிளெட். அப்படியானால் மஞ்சளுக்குள் நுண்பிளவு இருக்க வேண்டும், சிவப்பு ஒற்றையாக இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கிறது. மஞ்சளின் நுண்பிளவு நம் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு எட்டாது, ஆனால் ருங்கேயும் பாஷனும் 1895-இலேயே அதை இரட்டையாகப் பார்த்துவிட்டார்கள். ஹீலியத்தின் கோடுகள் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு குடும்பங்களாக இருப்பதைக் கண்டு, இது இரண்டு வாயுக்களின் கலவையோ என்றுகூட அவர்கள் எண்ணினார்கள். இரண்டு குடும்பங்களும் எவ்வளவு ஒட்டாமல் இருக்கின்றன என்றால், டிரிப்ளெட்டின் மிகக் கீழ்மட்டத்தில் தனித்து மாட்டிக்கொண்ட ஹீலியம் அணு அடிமட்டத்துக்கு இறங்கச் சராசரியாக 2 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். மற்றக் கிளர்ந்த நிலைகள் பெரும்பாலும் நானோவிநாடிக் கணக்கில் முடிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஹீலியத்தின் அடிமட்டமும் இருக்கிறது. இரண்டு எலக்ட்ரான்களையும் பிடுங்க 79.0 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். விலக்கை மறந்துவிட்டால் 108.8 வரும். ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்றதிடமிருந்து கருவைச் சராசரியாக மறைப்பதாக வைத்துக் கணக்கிட்டால் 77.5. 1929-இல் ஹில்லராஸ், இரண்டு எலக்ட்ரான்களுக்கும் இடையில் உள்ள தூரத்தையே அலைச்சார்பில் நேரடியாகச் சேர்த்து மூன்றே உறுப்புகளில் 78.98-க்குக் கொண்டுவந்துவிட்டார். அந்தத் தூரத்தை எழுத ஒரு எலக்ட்ரானின் இடம் போதாது என்பதைக் கவனியுங்கள்.

இனி, தவறு நேரும் இடங்கள். ஒரு வருடம் புதிதாக வந்த ஹீலியம் குழாயில் வகுப்பு முழுவதும் 0.22 எலக்ட்ரான் வோல்ட் என்றே விடை எழுதியது. எல்லோரும் ஒரே மாதிரித் தவறு செய்ய மாட்டார்களே என்று நானே உட்கார்ந்து படித்தேன். சிவப்பு 22°48'-இல் இருந்தது. அது ஹீலியமே இல்லை, ஹைட்ரஜனின் 656.3. குழாயில் கொஞ்சம் ஈரமோ ஹைட்ரஜனோ கலந்திருந்தது. உண்மையான சிவப்பு அதிலிருந்து 26 நிமிடக் கோணம் தள்ளி, சற்று மங்கலாக நின்றது. அன்று முதல், இரண்டு சிவப்பு தெரிந்தால் வெளிப்பக்கம் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிவைக்கிறேன். விடை 0.221 பக்கம் வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல் விழட்டும்.

ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லாதவர்கள் மில்லிமீட்டருக்கு 600 கோடு உள்ள பிளாஸ்டிக் கிரேட்டிங் தாளைக் கைபேசிக் கேமரா முன் ஒட்டியும் படம் எடுக்கலாம். பாதரசக் கோடுகளை அதே நிலையில் படம் எடுத்து அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். துல்லியம் குறையும், ஆனால் இடைவெளி பெரியது என்பதால் கால் எலக்ட்ரான் வோல்ட் தப்பாது.

அளவீடு முடிந்ததும் ஒரு சரிபார்ப்பை விட்டுவிடாதீர்கள். நீலம் 447.1, நீலப்பச்சை 492.2 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவை 4டி-யிலிருந்து 2பி-க்கு வரும் டிரிப்ளெட்டும் சிங்கிளெட்டும். ஆற்றல்கள் 2.773, 2.519. வித்தியாசம் மறுபடியும் 0.254. வேறு நிறம், வேறு மேல்மட்டம், அதே எண். பிளவு 2பி மட்டத்தில்தான் இருக்கிறது என்பதை இது உறுதி செய்கிறது. டி மட்டத்தில் உள்ள எலக்ட்ரான் கருவிலிருந்து வெகுதூரம் விலகி, 1எஸ் எலக்ட்ரானோடு கிட்டத்தட்ட மேற்படியாமலே இருக்கிறது. அங்கே கூட்டலுக்கும் கழித்தலுக்கும் வித்தியாசம் மிக அற்பம், 3டி-யில் 0.0004 எலக்ட்ரான் வோல்ட்தான்.

பொறுமை இருந்தால் எஸ் மட்டங்களையும் பாருங்கள். 16°10'-இல் 471.3, டிரிப்ளெட். 17°21'-இல் 504.8, சிங்கிளெட். இரண்டாவது மிக மங்கல், பக்கத்தில் 501.6 பிரகாசமாக நிற்பதால் இன்னும் மங்கலாகத் தோன்றும். ஸ்பெக்ட்ரோமீட்டரையும் தலையையும் சேர்த்துக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, பிரகாசமான கோட்டைப் பார்வைக்கு வெளியே தள்ளிவிட்டுத் தேடுங்கள். இடைவெளி 0.254 வராது, 0.175-தான் வரும். அது பிழையல்ல. 4எஸ் எலக்ட்ரான் கருவரை உள்ளே போய்வருவதால் அந்த மட்டமே 0.08 அளவுக்குப் பிளந்திருக்கிறது. 2பி-யின் பிளவிலிருந்து அது கழிகிறது. டி ஜோடியையும் எஸ் ஜோடியையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதி, எந்த மட்டம் எவ்வளவு பிளந்திருக்கிறது என்று பக்கத்தில் படம் வரைந்து வைத்தால் வாய்மொழித் தேர்வில் கேட்கும் கேள்வி எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பக்கம் போதும்.